கேட்காத கேள்விக்கு எழுதிவைத்த பதில்

எந்த மென்பொருளையும் முதன்முதலாகத் திறக்கும் நொடியில் நாம் அதற்கு ஒரு கட்டளையும் கொடுத்திருப்பதில்லை. இருந்தும் எழுத்து ஏதோ ஓர் அளவில் தெரிகிறது. டேப் விசையைத் தட்டினால் கர்சர் ஏதோ ஒரு தூரம் தள்ளிப் போகிறது. செய்ததை ரத்து செய்யும் வசதி ஏதோ ஓர் எண்ணிக்கைவரை வேலை செய்கிறது. இவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதிய மதிப்பு. கணினிக்காரர்கள் இதை டீஃபால்ட் என்பார்கள். முன்னிருப்பு மதிப்பு என்று தமிழில் எழுதுகிறோம். பயன்படுத்துபவர் வாய் திறக்காதபோது நிரல் எதை வைத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. நிரலுக்குள் இறங்கி அந்த மதிப்புகளைப் படித்தால் கணிதம் கொஞ்சமாகவும், எப்படிப்பட்ட ஆள் வருவார் என்ற ஊகம் நிறையவும் தென்படுகிறது. அந்த ஊகத்தை யார் பக்கம் சாய்த்து வைக்க வேண்டும் என்பதில் என் கருத்து இது: மதிப்பை மாற்றத் தெரியாதவர் பக்கம். தெரிந்தவருக்கு ஒரு வரி எழுதும் செலவுதான். தெரியாதவருக்கோ அந்த மதிப்புதான் மென்பொருளே. சொல்ல எளிது. ஆனால் ஓர் எடிட்டரின் முப்பது ஆண்டுக் கதையைப் பார்த்தால், இதை நடைமுறைக்குக் கொண்டுவருவது எவ்வளவு இடக்கான வேலை என்பது புரியும்.

அந்த எடிட்டர் விம். (பாத்திரம் துலக்கும் விம்மோடு இதற்கு உறவு கிடையாது.) எடிட்டர் என்றால் வேர்டு போல எழுத்துக்கு அலங்காரம் செய்யாமல், வெறும் எழுத்தை மட்டும் எழுதித் திருத்த உதவும் மென்பொருள். நிரல் எழுதுபவர்களும் சர்வர்களை நிர்வகிப்பவர்களும் நாளின் பெரும்பகுதியை இதற்குள்தான் கழிக்கிறார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலெனார் அமிகா கணினிக்காக எழுதத் தொடங்கிய விம், 1991-இல் பொதுமக்கள் கைக்கு வந்தது. 2023 ஆகஸ்டில் இறக்கும்வரை அதை முன்னின்று வளர்த்தவர் அவரே. விம்முக்கு மூதாதை, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970-களின் நடுவில் பில் ஜாய் எழுதிய வி-ஐ. அந்த வி-ஐயைப் போலவே நடக்க வேண்டும் என்பது விம்மின் முதல் குறிக்கோள். அதைவிட மேலாக நடக்க வேண்டும் என்பது பின்னால் வந்த ஆசை. இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட தழும்பு அதன் மூல நிரலில் இன்றும் இருக்கிறது.

விம் சி மொழியில் எழுதப்பட்டது. ஆப்ஷன்களின் டீஃபால்ட் மதிப்புகள் நிரல் முழுக்கச் சிதறிக் கிடக்காமல், ஒரே நீண்ட அட்டவணையில் வரிசையாக நிற்கின்றன. ஆப்ஷன்கள் முந்நூறுக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு. பதிவின் தொடக்கத்தில் ஆப்ஷனின் முழுப்பெயர், அடுத்து ஓரிரு எழுத்தில் சுருக்கப்பெயர், பிறகு அது எண்ணா, சொல்லா, ஆம்-இல்லையா என்பதைச் சொல்லும் ஃப்ளாக்குகள், அதன் பிறகு மதிப்பைச் சேமிக்கும் மாறியின் முகவரி. கடைசியில் அடைப்புக்குறிக்குள் டீஃபால்ட். அங்கே ஒரு மதிப்பை எதிர்பார்த்துப் போகிறவருக்கு இரண்டு மதிப்புகள் காத்திருக்கின்றன. முதலாவது வி-ஐ போல நடக்கும்போது எடுத்துக்கொள்ள வேண்டியது. இரண்டாவது விம்மாக நடக்கும்போது. தட்டிய கட்டளைகளில் எத்தனையை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று கேட்கும் 'ஹிஸ்டரி' ஆப்ஷனுக்கு முதல் மதிப்பு 0, இரண்டாவது நெடுங்காலம் 50. வி-ஐக்கு அப்படியொரு நினைவே கிடையாது என்பதால் அந்தப் பூஜ்யம். ஒரு டேப் எழுத்து எத்தனை பத்திகளுக்கு, அதாவது எழுத்து இடங்களுக்கு, சமம் என்று சொல்லும் 'டேப்ஸ்டாப்' ஆப்ஷனில் 8, 0 என்று இருக்கும். இங்கே பூஜ்யம் வெறும் இடநிரப்பி. 'வி-ஐயின் மதிப்பே விம்முக்கும் போதும்' என்று ஒரு ஃப்ளாக் முன்பே அறிவித்துவிடுவதால் இரண்டாவது இடத்தை யாரும் பார்ப்பதில்லை. அந்த ஃப்ளாக் அட்டவணையில் பக்கத்துக்குப் பக்கம் தட்டுப்படுகிறது. பழைய மதிப்பை மாற்றக் காரணம் வேண்டும், மாற்றாமல் இருக்கக் காரணம் வேண்டாம் என்ற மனநிலையை நிரலில் எழுதினால் அது இப்படித்தான் இருக்கும்.

இரண்டு மதிப்புகளில் எதை எடுப்பது என்று முடிவு செய்வது 'கம்பாட்டிபிள்' என்ற இன்னோர் ஆப்ஷன். விம் அதை இயக்கிய நிலையில் வைத்துக்கொண்டுதான் எழுந்திருக்கும். பயனர் தன் விருப்பங்களை எழுதி வைத்த விம்-ஆர்சி என்ற கோப்பு கண்ணில் பட்டால் உடனே அதை அணைத்துவிடும். கோப்பு வைத்திருப்பவர் விம்மைத் தெரிந்துதான் வந்திருக்கிறார், கோப்பு இல்லாதவர் வி-ஐயை எதிர்பார்த்து வந்திருப்பார் என்பது இதன் கணக்கு. 1990-களில் இந்தக் கணக்கு நியாயமானது. யூனிக்ஸ் கணினிகளில் வி-ஐ தட்டிப் பழகிய விரல்கள் ஏராளமாக இருந்தன. ஆனால் 2010 வாக்கில் விம்-ஆர்சி இல்லாமல் விம்மைத் திறந்தவர் யார்? பெரும்பாலும் கல்லூரி ஆய்வகத்தில் லினக்ஸின் முன்னால் முதன்முறை உட்கார்ந்த மாணவர். வி-ஐயை அவர் பார்த்ததே இல்லை. நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. நிரல் மனதில் வைத்திருந்த ஆள்தான் மாறிப்போயிருந்தார்.

அந்த மாணவர் மாட்டிக்கொள்ளும் இடங்களில் பேக்ஸ்பேஸ் விசை முக்கியமானது. 300 பாட் மோடம் வழியாக, அதாவது நொடிக்குச் சுமார் 30 எழுத்துகளே வந்துசேரும் இணைப்பில் வேலை செய்தவர் பில் ஜாய். அவருடைய எடிட்டரில், தட்டிக்கொண்டிருக்கும்போது அழித்த எழுத்துகள் எஸ்கேப் விசையை அழுத்தும்வரை திரையை விட்டுப் போகாது. பேக்ஸ்பேஸ் அப்போது சேர்த்த எழுத்துகளை மட்டுமே அழிக்கும்; முன்பே கோப்பில் இருந்ததைத் தொடாது, இரண்டு வரிகளை இணைக்கவும் செய்யாது. விம்மின் அட்டவணையில் 'பேக்ஸ்பேஸ்' ஆப்ஷனுக்கு நெடுங்காலம் வெற்று மதிப்புதான், அதுவும் வி-ஐ பாணி, விம் பாணி இரண்டுக்கும். மற்ற எல்லா மென்பொருளிலும் பேக்ஸ்பேஸ் என்ன செய்யும் என்று தெரிந்த ஒருவர், இங்கே விசையைத் தட்டித் தட்டிப் பார்த்தும் எழுத்து அசையாதபோது, 'இதற்கொரு ஆப்ஷன் இருக்கும், அதன் டீஃபால்ட் வேறாக இருக்கிறது' என்று நினைக்க மாட்டார். விசைப்பலகை கெட்டுவிட்டது என்றோ, தனக்குத்தான் விளங்கவில்லை என்றோ நினைப்பார்.

'பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே, அதற்குத்தானே ஆப்ஷன்?' என்பது அனுபவஸ்தர்களின் வழக்கமான மறுப்பு. மாற்றும் வழி திறந்திருந்தால் மனிதர்கள் மாற்றிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் நிற்கிறது அது. நம்பிக்கை தவறு என்பதற்குக் கணினிக்கு வெளியிலேயே பிரபலமான சான்று ஒன்று உண்டு. பிரிஜிட் மேட்ரியன், டென்னிஸ் ஷே இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு, ஓர் அமெரிக்க நிறுவனத்தின் ஓய்வூதியச் சேமிப்புத் திட்டத்தைப் பற்றியது. விரும்பினால் சேரலாம் என்றிருந்ததை, விரும்பாவிட்டால் விலகலாம் என்று நிறுவனம் மாற்றியது. சேர்ந்திருப்போர் விகிதம் வெகுவாக ஏறியது. இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆய்வின் மற்றப் பாதி எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. அப்படிச் சேர்க்கப்பட்டவர்களில் கணிசமானோர், நிறுவனம் போட்டு வைத்த 3 சதவீதப் பங்களிப்பிலும் நிறுவனம் தேர்ந்த நிதியிலுமே தங்கிவிட்டார்கள். தங்கள் சொந்தப் பணம், ஒரு படிவத்தை நிரப்பினால் மாறிவிடும், அப்படியும் மாற்றவில்லை. அங்கே படிவம் இருக்கிறது என்பதாவது அவர்களுக்குத் தெரியும். விம்மில் தடுமாறும் மாணவருக்கு அதுவும் தெரியாது.

ஆப்ஷன் இருப்பதே தெரியாதவர் கொடுக்கும் விலைக்கு நேனோ என்ற இன்னோர் எடிட்டர் கச்சிதமான உதாரணம். புதியவர்களுக்கு ஏற்றது என்று பெயர் வாங்கியது அது. ஆனால் பல ஆண்டுகளாக, வரி நீளமாகிவிட்டால் அதை உடைத்து அடுத்த வரியில் போடும் வழக்கம் அதன் டீஃபால்டாக இருந்தது. திரையில் மடித்துக் காட்டுவதோடு நிற்காமல் கோப்பிலேயே உடைத்துவிடும். மின்னஞ்சல் எழுதுபவருக்கு இது வசதி. சர்வரின் அமைப்புக் கோப்பைத் திருத்துபவருக்கு இது கண்ணி: அங்கே ஒரு வரிக்கு ஒரு கட்டளை என்பது விதி, உடைந்த வரி இரண்டு பிழைகளாகிவிடும். அனுபவமுள்ள நிர்வாகிகள் நேனோவைத் திறக்கும்போதே இந்தப் பழக்கத்தை அணைக்கும் எழுத்தைச் சேர்த்துத் தட்டக் கற்றிருந்தார்கள். வழிகாட்டிக் குறிப்புகளிலும் அதை எழுதி வைத்தார்கள். 2019 மார்ச்சில் வந்த 4.0 பதிப்பில் டீஃபால்ட் திருப்பிப் போடப்பட்டது. வரியை உடைக்க வேண்டும் என்று விரும்புகிறவர்தான் இப்போது ஓர் எழுத்தைச் சேர்க்க வேண்டும். இரண்டு பக்கத்துச் செலவும் ஓர் எழுத்துதான் என்று தோன்றலாம். உடைக்க விரும்புகிறவர் மறந்தால் வரி நீளமாக இருக்கும், அவ்வளவே. உடைக்க விரும்பாதவர் மறந்திருந்தால் கணினி மறுமுறை எழுந்திருக்காமலே போகலாம்.

விம் இதே திசைக்கு 2016-இல் வந்தது, ஆனால் தனக்கே உரிய சுற்றுவழியில். செப்டம்பரில் வெளியான 8.0 பதிப்பில் மூலெனார் சி அட்டவணையைத் தொடவில்லை. அதன்மேல் போர்த்த ஒரு சிறு கோப்பை எழுதினார். பயனருக்கென்று விம்-ஆர்சி இல்லாவிட்டால் மட்டும் அது படிக்கப்படும். பேக்ஸ்பேஸை எல்லோரும் எதிர்பார்க்கும்படி நடக்கச் செய்வது, ஹிஸ்டரியை 200 ஆக்குவது, நிரல் வரிகளுக்கு நிறம் தீட்டுவது, கர்சருக்கு மேலும் கீழும் 5 வரிகள் எப்போதும் தெரியும்படி வைப்பது, மவுஸை இயக்குவது என்று அதில் பலவும் உண்டு. அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது எண்களைப் பற்றிய ஒரு சின்ன வரி. எண்ணின் மேல் கர்சரை வைத்து ஒரு விசைச் சேர்க்கையைத் தட்டினால் விம் அதில் ஒன்றைக் கூட்டும். அட்டவணையின் டீஃபால்ட்படி, பூஜ்யத்தில் தொடங்கும் எண் எட்டடிமான எண் என்று கொள்ளப்படும். ஆகவே 007-உடன் ஒன்றைக் கூட்டினால் 008 வராது, 010 வரும். சி மொழி நிரலருக்கு அது சரியான விடை. வரிசை எண் போட்டுக்கொண்டிருக்கும் மற்ற எல்லோருக்கும் அது பைத்தியக்காரத்தனம். பெரும்பாலோரை இது குழப்புகிறது என்று ஒரு குறிப்பு எழுதி, புதிய கோப்பு எட்டடிமானத்தை அகற்றியது. நிபுணருக்குச் சரியாக இருப்பதும் பெரும்பாலோருக்குச் சரியாக இருப்பதும் மோதும்போது யாரை நகரச் சொல்வது என்பதற்கு விம் தந்த நேரடியான தீர்ப்பு இதுதான்.

ஆனால் ஏன் அட்டவணையிலேயே திருத்தவில்லை? இங்கேதான் இரண்டாவது மறுப்பு வருகிறது. முதலாவதைவிட இது கனமானது. டீஃபால்ட் வெறும் தொடக்க நிலை மட்டும் கிடையாது, ஒருவகை வாக்குறுதியும்கூட. அந்த மதிப்பை நம்பி எழுதிய நூற்றுக்கணக்கான ஸ்கிரிப்ட்டுகள், பிளக்-இன்கள், பழகிய விரல்கள் வெளியே இருக்கின்றன. அவற்றுக்குச் சொந்தக்காரர்களும் எதையும் கேட்கவில்லை, இருந்ததை நம்பினார்கள். மாற்றினால் அவர்கள் பக்கத்தில் காரணம் தெரியாமல் எதுவோ உடையும். மேக் என்ற நிரல் கட்டும் கருவியை 1970-களில் எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன், வரியின் தொடக்கத்தில் டேப் கட்டாயம் என்ற விதி தொல்லை தருவதைச் சீக்கிரமே உணர்ந்தார். அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்ததால் அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டதாகப் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்தப் பத்துப் பன்னிரண்டு பேருக்காக இத்தனை பதிற்றாண்டுகளாக உலகமே டேப் தட்டுகிறது. இந்தக் கதையை இரண்டு பக்கமும் திருப்பலாம். பழையவர்களை மதித்ததன் விலை இவ்வளவா என்று கேட்கலாம். இன்று மாற்றப் போனால் உடையப்போவது எத்தனை என்றும் கேட்கலாம்.

மூலெனாரின் ஏற்பாட்டிலும் பக்கவிளைவுகள் வந்தன. அவற்றை மறைத்துவிட்டு என் வாதத்தை நடத்துவது முறையாகாது. விம்-ஆர்சி இல்லாதவருக்குத்தான் அந்தப் போர்வைக் கோப்பு. ஆகவே ஒரு புதியவர் ஓரளவு தேறி, வரி எண்களைக் காட்டச் சொல்லும் ஒரே ஒரு வரியை எழுதித் தன் முதல் விம்-ஆர்சியைச் சேமித்தபோது, அதுவரை இருந்த நிறங்கள் மறைந்தன, பேக்ஸ்பேஸ் பழையபடி முரண்டு பிடித்தது. கற்றுக்கொள்ள எடுத்துவைத்த முதல் அடிக்கே தண்டனை. போர்வைக் கோப்பையும் படி என்று தன் கோப்பில் எழுதிக்கொண்டால் தீரும், அதைத் தெரிந்துகொள்ளும்வரை தீராது. நிர்வாகிகளுக்கு வேறு வகை அடி. டெபியன் லினக்ஸின் 2017 வெளியீட்டில் இந்தப் புதிய விம் வந்தது. கட்டளைத் திரையான டெர்மினலில் மவுஸால் எழுத்தைத் தேர்ந்து ஒட்டிப் பழகியவர்களுக்கு, மவுஸை விம்மே பிடித்துக்கொண்டதால் அது திடீரென்று வேலை செய்யவில்லை. கணினி முழுமைக்குமான அமைப்புக் கோப்பில் மவுஸை அணைத்துவைத்தும் சிலருக்குப் பயனில்லை, ஏனென்றால் போர்வைக் கோப்பு அதற்குப் பின்னால் படிக்கப்பட்டு நிர்வாகியின் சொல்லை அழித்துவிட்டது. தெளிவாக ஒன்றைச் சொல்லியிருந்த ஒருவரை, எதுவும் சொல்லாதவருக்காக எழுதிய கோப்பு மிஞ்சியது. புதியவருக்குச் சாதகமான மதிப்பு என்ற கொள்கையில் இதனால் பழுது வந்துவிடவில்லை. எந்த அடுக்கு எதை மிஞ்சலாம் என்ற வரிசையில்தான் பிசகு. டீஃபால்ட் என்பது எல்லா அடுக்குகளுக்கும் கீழே இருக்க வேண்டியது. மேலே ஏறி உட்கார்ந்தால் அது டீஃபால்ட் என்ற தகுதியை இழக்கிறது.

அடுக்குகள் உண்மையில் பல. அட்டவணையில் எண் இருந்தாலும், விம் எழுந்திருக்கும்போதே சுற்றுமுற்றும் பார்த்துச் சில மதிப்புகளைத் திருத்திக்கொள்ளும். கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்களில் எதை இயக்குவது என்பதைச் சூழல் மாறியிலிருந்து எடுக்கும். எத்தனை மாற்றங்களை ரத்து செய்யலாம் என்பது யூனிக்ஸிலும் விண்டோஸிலும் 1000, வேறு சிலவற்றில் 100. நினைவகம் குறைவாக இருந்த கணினிகளின் காலத்து எச்சம் அது. எழுத்துக் குறியாக்கத்தை மொழி அமைப்பைப் பார்த்து ஊகிக்கும்; எதுவும் கிடைக்காவிட்டால் லத்தீன்-1 என்று வைத்துக்கொள்ளும். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு மட்டுமே போதுமான குறியாக்கம் இது. மொழி அமைப்பு எதுவும் செய்யாத சர்வரில் தமிழ்க் கோப்பைத் திறந்தால் இந்தக் கடைசிப் பதில் நம்மையே தொடுகிறது: யூடிஎஃப்-8-இல் 'க' என்ற ஓர் எழுத்து மூன்று பைட்டுகள், லத்தீன்-1 கண்ணுக்கு அவை சம்பந்தமில்லாத மூன்று குறிகள். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடுவோரும் உண்டு. இந்தக் குளறுபடியில் மதிப்பு எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க விம் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. ஒவ்வோர் ஆப்ஷனின் பதிவிலும், அதைக் கடைசியாக மாற்றியது எந்தக் கோப்பின் எந்த வரி என்று குறித்துக்கொள்ள ஓர் இடம் உண்டு, கேட்டால் சொல்லும். ஆப்ஷன் பெயருக்குப் பின்னால் & குறியைப் போட்டால் அது டீஃபால்டுக்குத் திரும்பும், அந்தக் குறியோடு எந்தக் காலத்து டீஃபால்ட், வி-ஐயினுடையதா விம்முடையதா, என்றுகூடச் சொல்லலாம்.

வசதியையும் பழக்கத்தையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் டீஃபால்ட்டின் இன்னொரு முகம் விட்டுப்போகும். கோப்பின் முதல் அல்லது கடைசி 5 வரிகளுக்குள் விம்முக்கான அமைப்புகளை எழுதி வைக்கலாம். அதை மோட்லைன் என்பார்கள். கோப்போடு அதன் அமைப்பும் பயணம் செய்வதால் குழுவாக வேலை செய்பவர்களுக்கு நல்ல வசதி. வி-ஐ பாணியில் இதன் டீஃபால்ட் அணைத்த நிலை. விம் பாணியில் இயக்கிய நிலை, ரூட் என்ற முழு அதிகாரப் பயனருக்கு மட்டும் அணைத்த நிலை. 2019 ஜூனில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது: திட்டமிட்டு எழுதிய மோட்லைன் உள்ள கோப்பை விம்மில் திறந்தாலே போதும், தாக்குபவர் விரும்பிய கட்டளை கணினியில் ஓடும். விம்மிலும், அதிலிருந்து பிரிந்த நியோவிம்மிலும் அது திருத்தப்பட்டது. டெபியன் தன் அமைப்பில் மோட்லைனை ஏற்கனவே அணைத்து வைத்திருந்ததால், அதை மாற்றாத பயனர்களை இது அண்டவில்லை. நிரலில் பிழை எல்லோருக்கும் ஒன்றே. ஒரு டீஃபால்ட்தான் ஆபத்திலிருந்தவரையும் இல்லாதவரையும் பிரித்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மோட்லைன் என்ற பெயரையே கேள்விப்படாதவருக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை, அபாயம் மட்டும் முழுதாக உண்டு. நன்மை அடைந்தவர் அதை இயக்கத் தெரிந்தவர். திருத்தத்தோடு விம் செய்த காரியம் சரியானது: மோட்லைனுக்குள் கணித்துப் பார்க்க வேண்டிய கோவைகளைக் கொண்ட ஆப்ஷன்களை அமைப்பதற்குத் தனி அனுமதி ஆப்ஷன் ஒன்றைச் சேர்த்து, அதை அணைத்த நிலையில் வைத்தது.

டீஃபால்ட்டைத் தேர்பவர் எப்போதும் பயனரின் நன்மையை மட்டும்தான் நினைப்பார் என்று நம்பவும் முடியாது. இன்று நிரலர்களிடம் பரவலாகப் புழங்கும் விஎஸ் கோடு எடிட்டரில், பயன்பாட்டுத் தகவலை மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பும் ஆப்ஷன் முழு அளவில் இயக்கிய நிலையில்தான் வருகிறது. அணைக்கலாம், வழி இருக்கிறது. இதை விரும்பாத சிலர், அதே திறந்த மூலத்திலிருந்து தகவல் அனுப்பாத விஎஸ்கோடியம் என்ற கட்டுமானத்தை உருவாக்கிப் பகிர்கிறார்கள். மாற்றத் தெரியாதவருக்காக டீஃபால்ட்டை வையுங்கள் என்று வாதிடும்போது, அந்த மௌனத்தைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்துகிறவரும் அதே மௌனத்தைத்தான் நம்பியிருக்கிறார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மூலெனாரும் ஒரு டீஃபால்ட்டைத் தன் விருப்பத்துக்குப் பயன்படுத்தியவர்தான். விம்மை வெறுமனே திறந்தால் வரும் முகப்பில், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்ற வேண்டுகோளைப் பல்லாண்டுகளாக வைத்திருந்தார். மென்பொருளுக்கு விலை கேட்கவில்லை. ஓர் எழுத்தை ஓர் ஆப்ஷனில் சேர்த்தால் அந்த முகப்பு மறைந்துவிடும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனமில்லை. ஒன்று திரையில் கண்ணெதிரே நிற்கிறது, மற்றது பின்னணியில் நடக்கிறது. பயனர் அறியாமல் அவரிடமிருந்து எதையாவது எடுக்கும் டீஃபால்டுக்கு, அவருக்கு ஏதாவது கொடுக்கும் டீஃபால்டைவிடக் கடுமையான அளவுகோல் வேண்டும்.

விம் செய்யத் தயங்கியதை நியோவிம் துணிந்து செய்தது. 2014-இல் பிரேசிலைச் சேர்ந்த தியாகோ தி அரூதா தொடங்கிய இந்தக் கிளை, 'கம்பாட்டிபிள்' ஆப்ஷனையே தூக்கி எறிந்தது. வி-ஐக்கென்று ஒரு மதிப்பு, விம்முக்கென்று ஒரு மதிப்பு என்ற இரட்டை வழக்கம் அங்கே செத்தது. ஹிஸ்டரி 10000, குறியாக்கம் எப்போதும் யூடிஎஃப்-8, பேக்ஸ்பேஸ் எல்லோருக்கும் தெரிந்த பேக்ஸ்பேஸ். 2022-இல் மவுஸும் இயங்கிய நிலைக்கு வந்தது. அட்டவணையையும் சி மொழியிலிருந்து பெயர்த்து லுவா மொழிக் கோப்பாக்கினார்கள். ஓர் ஆப்ஷனின் பெயர், வகை, டீஃபால்ட், விளக்கம் எல்லாம் அங்கே ஒரே இடத்தில் இருக்கும். நிரலைக் கட்டும்போது அதிலிருந்து சி நிரல் தானாக உருவாகும், உதவிப் பக்கமும் அதிலிருந்தே உருவாகும். விம்மில் உதவிப் பக்கத்தைத் தனியாகக் கையால் எழுத வேண்டும், மதிப்பை மாற்றியவர் அங்கேயும் மாற்ற மறக்கலாம். பழைய ஸ்கிரிப்ட்டுகள் உடையும் என்ற மறுப்புக்கு நியோவிம்மின் விடை எளியது: அதற்கென்று விம் இருக்கிறது, நாங்கள் வேறு பெயரில் வந்திருக்கிறோம். எல்லோருக்கும் கிடைக்கக்கூடிய விடை கிடையாது இது. ஒரே பெயரில் கோடிக்கணக்கான கணினிகளில் உட்கார்ந்திருக்கும் மென்பொருளுக்குப் பெயரை மாற்றிக்கொண்டு தப்பிக்க வழியில்லை.

இவ்வளவையும் மாற்றிய நியோவிம் ஓர் எண்ணைத் தொடவில்லை. டேப்ஸ்டாப் அங்கேயும் 8. பைதான் நிரலர்கள் 4 இடைவெளி என்கிறார்கள். புதியவர்களுக்கு 8 அகலமாகத்தான் தெரியும். என் வாதத்தை அப்படியே பொருத்தினால் இந்த எண்தான் முதலில் போயிருக்க வேண்டும். போகக் கூடாது என்றே நினைக்கிறேன், அதற்குக் காரணம் பழையவர் மீதான மரியாதையும் இல்லை. கோப்புக்குள் டேப் என்பது 9 என்ற மதிப்புள்ள ஒற்றை பைட். எத்தனை பத்தி அகலம் என்பது கோப்பில் எழுதப்படுவதில்லை, காட்டுகிற கருவிதான் முடிவு செய்கிறது. டெர்மினலும், கோப்பைத் திரையில் கொட்டும் சிறு கருவிகளும் 8 என்றே வைத்திருக்கின்றன. லினக்ஸ் கெர்னலின் எழுத்து விதிகளும் அதையே சொல்கின்றன. எடிட்டர் மட்டும் 4 என்று காட்டினால் அதில் நேராக நிற்கும் பத்திகள் வேறெங்கும் கோணலாகத் தெரியும். அதைக் கண்டுபிடிக்கக் கடைசி ஆளாகத் தவிக்கப்போவதும் அந்தப் புதியவர்தான். பேக்ஸ்பேஸ் எடிட்டருக்கும் பயனருக்கும் இடையிலான விஷயம். டேப்பின் அகலம் எடிட்டருக்கும் மற்றக் கருவிகளுக்கும் இடையிலான ஒப்பந்தம். விம்மின் உதவிப் பக்கம் இதற்கு ஒரு வழி சொல்கிறது: டேப்ஸ்டாப்பை 8-இலேயே விட்டுவிட்டு, விசையைத் தட்டும்போது எத்தனை இடம் நகர வேண்டும், உள்தள்ளலுக்கு எத்தனை இடம் என்ற மற்ற இரண்டு ஆப்ஷன்களை 4 என்றோ 3 என்றோ வைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டையும்கூட ஒவ்வொரு திட்டத்தின் கோப்புறையிலும் எடிட்டர்கான்ஃபிக் என்ற சிறு கோப்பாக எழுதி வைக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. 2023-இல் வந்த நியோவிம் 0.9 அதைப் பயனர் கேட்காமலே படிக்கிறது.